பரணைக் காலி செய்கிறார்கள்

(நமது சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"வெளிநாட்டுப் பிரயாணம் பற்றி அரை மணி பேசுங்கோ" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஈஃபில் கோபுரத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஹாலிலேயே பத்துப் பேராவது இருக்கிறீர்கள். பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை? ஆகவே அதை விட்டுவிடுகிறேன். பிரான்ஸின் தெற்கே, கிராமப்புறத்தில், பழைய சாமான் சந்தைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு 2023 செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஐந்து நாள் சுற்றினோம். அதைச் சொல்கிறேன்.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பீர்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். மகாராஷ்டிர அரசில், எடைகளுக்கும் அளவுகளுக்கும் முத்திரை குத்தும் துறையில் முப்பத்து மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்தேன். நாக்பூர், நாசிக், பிறகு மும்பை. நாங்கள் கடைத்தெருவில் நுழைந்தால் பாதித் தராசுகள் மேஜைக்கு அடியில் போய்விடும். அப்படி இருந்தவனுக்கு, கிலோகிராம் பிறந்த தேசத்தில் ஒரு பழைய படிக்கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசை இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் லியோன் நகரத்தில் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது மாப்பிள்ளை. நம்மவர்கள் வழக்கமாகப் போகும் ஐம்பது பேர் பஸ் டூர் மாதிரி இல்லை இது. ஒரு வேன், பிரயாணிகள் எட்டுப் பேர், ஒன்பதாவது வழிகாட்டி. அவரேதான் டிரைவரும். எட்டு என்ன கணக்கு என்று விசாரித்தேன். ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் டிரைவரையும் சேர்த்து ஒன்பது இருக்கை உள்ள வண்டி வரை ஓட்டலாம். பத்தாவது இருக்கை வந்தால் அது பஸ் கணக்கு, லைசென்ஸ் வேறு. "சின்னக் குழு" என்று விளம்பரத்தில் அழகாகப் போடுவதற்குப் பின்னால் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் சௌகரியம் உண்மையான சௌகரியம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், கிராமத்துச் சந்துக்குள் வண்டி நுழையும், மூட்டு வலிக்காரர்களுக்காகப் பத்து நிமிஷம் காத்திருக்கலாம். எங்களோடு வந்தவர்கள் இரண்டு ஆஸ்திரேலிய சகோதரிகள், இரண்டு இங்கிலாந்துத் தம்பதிகள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. முன்பு பழம்பொருள் கடை வைத்திருந்தவர். லியோனிலிருந்து அவிஞ்ஞோனுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே வேன் ஏறினோம்.

அந்த ஊர்ச் சந்தைகளில் மூன்று தினுசு உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பணம்தான் விரயம்.

கீழ்ப்படி 'விட்-கிரெனியே'. நேர் அர்த்தம் "பரணைக் காலி செய்தல்". வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமமே தெருவில் மேஜை போட்டு, வீட்டில் வேண்டாததை விற்கும். வியாபாரி அல்லாத தனிமனிதர் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இப்படி விற்கக்கூடாது. விற்பதும் சொந்தமாக உபயோகித்த சாமானாக இருக்கவேண்டும். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். பெயர் ஒரு பதிவேட்டில் ஏறி அரசாங்கத்துக்குப் போகிறது. நடுப்படி 'பிரோகாந்த்', தொழில்முறைப் பழைய சாமான் வியாபாரிகள். மேல்படி 'ஆன்டிகேர்' என்கிற பழம்பொருள் நிபுணர். இந்த இரண்டு படியினரும் எந்தப் பொருளை யாரிடம் வாங்கினோம் என்று தனியாக ஒரு ரிஜிஸ்தர் வைத்திருக்கவேண்டும். போலீஸ் எப்போது கேட்டாலும் காட்டவேண்டும். திருட்டுச் சாமான் கைமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. ரிஜிஸ்தர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு அந்த தேசத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், முப்பத்து மூன்று வருஷப் பழக்கம்.

இன்னொன்று. எந்த மேஜை முன்னாலும் போய் நின்றதும் "போன்ஜூர்" சொல்லவேண்டும். சொல்லாமல் சாமானைத் தொட்டு விலை கேட்டால் அவர்களுக்கு அது பெரிய அவமரியாதை. பேரம் பேசலாம், ஆனால் நம் ஊர் மாதிரி பாதி விலையில் ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "உங்களால் கொடுக்க முடிந்த நல்ல விலை என்ன?" என்று கேட்பதுதான் அங்கே முறை.

சனிக்கிழமை காலை, அவிஞ்ஞோனுக்கு எதிரே ரோன் நதியின் மறுகரையில் வில்நெவ் என்ற ஊரில் வாரச் சந்தை. இருட்டு பிரியும் முன்பே டார்ச் விளக்கோடு வியாபாரிகள் வந்து ஒருவரிடம் ஒருவர் வாங்கிவிடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னார். நாங்கள் ஏழரைக்குப் போனோம். கண்ணாடி, பீங்கான், ஆணி, சாவி, சிலுவை, கதவுப் பிடி. ஒரு மேஜைக்கு அடியில் மரப்பெட்டியில் இரும்புப் படிக்கற்கள்!

ஆறு பட்டை வடிவம், மேலே ஒரு வளையம், நெற்றியில் "1 கிலோ" என்று வார்ப்பெழுத்து. நம் மளிகைக் கடையில் பார்த்த அதே அறுகோண இரும்புக் கல்தான். நான் முதலில் திருப்பிப் பார்த்தது அடிப்பக்கத்தை. எடையைச் சரிசெய்ய அடியில் ஒரு குழி விட்டு ஈயம் ஊற்றியிருப்பார்கள். அந்த ஈயத்தின் மேல்தான் இன்ஸ்பெக்டர் முத்திரை குத்துவார். நம் நாட்டிலும் அப்படித்தான். ஈயத்தைச் சுரண்டி எடையைக் குறைத்தால் முத்திரையும் போய்விடும், அகப்பட்டுக்கொள்வான். அதுதான் சூட்சுமம். நாங்கள் வருஷத்தின் கடைசி இரண்டு எண்களையும் காலாண்டுக்கு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தையும் குத்துவோம். பிரெஞ்சுக்காரர்கள் வருஷத்துக்கு ஓர் எழுத்து. அந்தக் கல்லின் ஈயத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் பதினொரு எழுத்துக்கள் தெரிந்தன, சில ஒன்றின் மேல் ஒன்றாக. யாரோ ஒரு கடைக்காரர் பதினொரு வருஷமாவது தவறாமல் இதைத் தூக்கிக்கொண்டு சோதனைக்குப் போயிருக்கிறார். யாரோ என் ஜாதி உத்தியோகஸ்தர் ஒருவர் சுத்தியலால் தட்டியிருக்கிறார். ஜாதி என்றால் முத்திரை ஜாதி.

விலை பதினைந்து யூரோ. ஆஸ்திரேலிய அம்மாள், "இந்த இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார். வேனில் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1789க்கு முன் பிரான்ஸில் ஊருக்கு ஊர் படி வேறு, கல் வேறு. ஜமீன்தார் குத்தகை நெல்லைப் பெரிய படியில் வாங்கிச் சின்னப் படியில் விற்பது போன்ற சமாசாரங்கள் அங்கேயும் உண்டு. அங்கே கோதுமை, அவ்வளவுதான். புரட்சி சமயத்தில் ஜனங்கள் எழுதிக் கொடுத்த குறைகளில் அளவுகளைப் பற்றிய புகாரும் இருந்தது. டெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானசாஸ்திரிகள் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை பூமியின் தீர்க்கரேகையை 1792 முதல் 1798 வரை அளந்தார்கள். அதிலிருந்து மீட்டர், மீட்டரிலிருந்து லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீரிலிருந்து கிலோகிராம். ஆனால் ஜனங்கள் லேசில் மாறவில்லை. 1812ல் நெப்போலியன் பழைய பெயர்களுக்கு மறுபடி இடம் கொடுக்கவேண்டி வந்தது. 1837ல் சட்டம் போட்டு, 1840 ஜனவரி 1 முதல்தான் மெட்ரிக் கட்டாயம் ஆயிற்று. இன்றைக்கும் சந்தையில் "ஒரு லீவ்ர் தக்காளி" என்பார்கள். லீவ்ர் என்றால் அரைக் கிலோ. நம் பாட்டிமார் கடைசிவரை பலம், வீசை என்று சொன்னதைப் போல.

நாம் 1956ல் சட்டம் இயற்றி 1958 அக்டோபரில் எடைகளை மாற்ற ஆரம்பித்தோம். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். கிலோவுக்கு மூலமான பிளாட்டினம்-இரிடியம் கட்டி பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் 57ஆம் நம்பர் நகல் டில்லியில் நம் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில். 2019 மே 20 முதல் அந்தக் கட்டிக்கே வேலை இல்லை. பிளாங்க் மாறிலியை வைத்து கிலோவை நிர்ணயம் செய்துவிட்டார்கள். கட்டிக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.

பக்கத்து மேஜையில் ஒரு கவுண்டர் தராசும் இருந்தது. தட்டுகள் மேலே, கம்பிகள் கீழே. ரோபெர்வால் என்ற கணித நிபுணர் 1669ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் காட்டிய அமைப்பு. சாமானைத் தட்டின் எந்த மூலையில் வைத்தாலும் எடை மாறாது. தூக்கிக்கொண்டு வர ஆசைதான். "ஏன்னா, விமானத்துல நீங்க வரேளா, தராசு வரதா?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள்.

அவளுக்கும் அன்று வேட்டை கிடைத்தது. "இங்க வாங்கோ, நம்மாத்து ஃபில்டரை வெள்ளைக்காரன் எனாமல்ல பண்ணி வச்சிருக்கான்!" என்று குரல் கொடுத்தாள். நீலப் பூப்போட்ட எனாமல் காபிப் பாத்திரம். மேல் அடுக்கில் பொடிப்பொடியாய் ஓட்டை போட்ட தட்டு, பொடியை அமுக்க ஒரு வில்லை, வெந்நீர் ஊற்றினால் கீழ் அடுக்கில் டிகாக்ஷன். தத்துவம் அப்படியே நம்முடையது. சுமார் 1800ல் பாரிஸின் ஆர்ச்பிஷப்பாக இருந்த தெ பெல்வா என்பவர் பெயரில் இந்த ஜாதிப் பாத்திரம் வழங்குகிறது. நமக்கு எந்த வழியாக வந்தது என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. பக்கத்திலேயே மரப்பெட்டி காபி மில், மேலே பித்தளைக் கைப்பிடி, பெஜோ கம்பெனி முத்திரை. கார் செய்வதற்கு வெகுகாலம் முன்பே, 1840 முதல் அவர்கள் காபி மில் செய்தார்கள். பாத்திரம் பன்னிரண்டு யூரோவுக்கு எங்களோடு வந்தது. மில்லை இங்கிலாந்துக்காரர் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மதியம் ஈல்-ஸூர்-லா-ஸோர்க் என்ற ஊருக்குப் போனோம். சின்ன ஊர், நடுவே ஸோர்க் நதி கிளை கிளையாக ஓடுகிறது. பாசி படர்ந்த பெரிய நீர்ச்சக்கரங்கள் இன்னும் சுற்றுகின்றன. பட்டும் கம்பளியும் நெய்த ஆலைகள் போய், அந்தக் கட்டடங்களில் 1960களுக்குப் பிறகு பழம்பொருள் வியாபாரிகள் குடியேறினார்கள். இங்கே விலைகள் வேறு. பதினைந்து யூரோ மனிதன் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் எனக்கு மிகவும் உபயோகமான பாடம் இங்கேதான் கிடைத்தது.

இரண்டு நாற்காலிகள், பார்வைக்கு ஒரே மாதிரி. ஒன்றின் சீட்டில் "பதினைந்தாம் லூயி காலம்". மற்றதில் "பதினைந்தாம் லூயி பாணி". முதலாவதின் விலை பல மடங்கு. வழிகாட்டி விளக்கினார். 1981 மார்ச் 3ஆம் தேதி ஓர் அரசாணை. விற்பவர் ஒரு காலத்தின் பெயரை மட்டும் சொன்னால், பொருள் அந்தக் காலத்தில்தான் செய்யப்பட்டது என்று அவர் உத்தரவாதம் கொடுப்பதாக அர்த்தம். பிற்காலத்தில் ஒரு காலை மாற்றியிருந்தால் அதையும் சொல்லவேண்டும். "பாணி" என்ற வார்த்தையைச் சேர்த்துவிட்டால் எந்த உத்தரவாதமும் இல்லை; போன வருஷம் செய்ததாகக்கூட இருக்கலாம். ஓவியத்துக்கும் இதே விதி. "இன்னாருடையதாகக் கருதப்படுவது" என்றால் அவர் ஜீவித காலத்தில் வரைந்தது, அவர்தான் வரைந்தார் என்று நம்பப் பலமான காரணம் உண்டு. "இன்னார் முறையில்" என்றால் ஒன்றுமே இல்லை. எனவே வாங்குபவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: அந்த வார்த்தையைப் பில்லில் எழுதி வாங்கவேண்டும். அந்த தேசத்தில் ரொட்டிக்கே இப்படி ஆணை உண்டு. 1993 முதல் "பாரம்பரிய ரொட்டி" என்று எழுதினால் உப்பு, தண்ணீர், மாவு, புளிக்கவைக்கும் வஸ்து, இவற்றோடு வேறு ரசாயனம் சேர்க்கக்கூடாது. நம் ஊரில் "சுத்தமான நெய்" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நாம் முகர்ந்து பார்க்கிறோம் இல்லையா?

இத்தனை சட்டம் இருந்தும் ஏமாற்று இல்லாமல் இல்லை. வெர்சாய் அரண்மனையே ஏமாந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ராஜ குடும்பத்து நாற்காலிகள் என்று அரண்மனை வாங்கியவற்றில் சில போலி என்று 2016ல் வெளிவந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் தண்டனை விதித்தது. போலியைச் செய்தவர்கள் சாமானியர்கள் அல்ல, அந்தத் துறையின் பெரிய நிபுணர் ஒருவரும் கைதேர்ந்த தச்சர் ஒருவரும். சந்தேகப்பட்ட வியாபாரி எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? நாற்காலியை நாக்கால் நக்கிப் பார்த்தாராம். புது மரத்தைப் பழசாகக் காட்ட அதிமதுரச் சாறு பூசுவார்கள், தித்தித்தது. எச்சில், பத்து பார்க்கும் நமக்கு இந்தப் பரீட்சை சாத்தியமில்லை.

அன்று காலையில் நடந்ததை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்தேன். ஒரு சின்னக் கிராமத்தில் விட்-கிரெனியே. பிளேன் மரங்களின் நிழலில் நூறு மேஜை இருக்கும். குழந்தைகள் பழைய பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் எண்பது வயதுப் பாட்டி, மேஜை நிறைய படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கியிருந்தாள். கனமான லினன், கெட்டி நெசவு. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் இரண்டு எழுத்து. அந்தக் காலத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் முன்பே விரிப்பும் துவாலையும் தைத்து, பெயரின் முதலெழுத்தை எம்ப்ராய்டரி செய்து, டஜன் கணக்கில் சேர்த்துவைப்பார்களாம். கல்யாணத்தில் அவை பெண்ணோடு பெரிய அலமாரியில் போகும். நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்போமே, அதேதான்.

என் மனைவி ஒரு விரிப்பை எடுத்து எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "யாரோட எழுத்துன்னு கேளுங்கோ" என்றாள். வழிகாட்டி கேட்டுச் சொன்னார்: மாமியாருடையது. பாதி விரிப்புகள் உறையே கலையாதவை. நல்ல நாளுக்கு என்று எடுத்துவைத்து, நல்ல நாள் வராமலே போய்விட்டது. பாட்டிக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவர் பாரிஸ், ஒருவர் கனடா. இஸ்திரி போடவேண்டிய விரிப்பு யாருக்கும் வேண்டாம். அலமாரியையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஃபிளாட் கதவுக்குள்ளேயே அது நுழையாது. அந்தப் பெரிய மரச்சாமான்களின் விலை அங்கே மிகவும் விழுந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் கொடுத்த விலையில் ஒரு பகுதிகூடக் கிடைக்காது என்று வழிகாட்டி சொன்னார்.

விரிப்பு ஒன்று இருபது யூரோ. மனைவி ஒன்று வாங்கினாள். பேரம் பேசவில்லை. பாட்டி காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, விரிப்பை மறுபடி உதறி, மடிப்பைச் சரிசெய்து கொடுத்தாள். இவள், "என்னாத்திலே வெண்கலப் பானை நாலு இருக்கு, எங்கம்மா பேர் போட்டது" என்று தமிழிலேயே அவளிடம் சொன்னாள். பாட்டி பிரெஞ்சில் ஏதோ பதில் சொன்னாள். வழிகாட்டி அதை மொழிபெயர்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். சாப்பாட்டில் நம்மவர்களுக்குச் சங்கடம் சீஸில்தான். பாரம்பரிய சீஸ் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைவது. அது வேண்டாம் என்றால் ரொட்டி, வெண்ணெய், பழம், ராத்தாத்தூய் என்கிற கத்திரிக்காய்-குடமிளகாய்க் கூட்டு. நாங்கள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கையோடு கொண்டுபோனோம். எட்டுப் பேர் வேனில் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழிகாட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறார். ஐம்பது பேர் பஸ்ஸில் அது நடக்காது. சில்லறைப் பணம் அவசியம், கிராமத்து மேஜையில் கார்டு செல்லாது.

இன்னொரு முக்கியமான சமாசாரம், இது நம் பக்கத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வந்தால், "தாத்தா காலத்து விக்கிரகம், தஞ்சாவூர்ப் படம், எடுத்துண்டு போ" என்று கொடுத்துவிடாதீர்கள். 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனிமனிதர் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. ஏட்டுச்சுவடி போன்றவற்றுக்கு எழுபத்தைந்து வருஷமே போதும். வயதில் சந்தேகம் இருந்தால் தொல்பொருள் துறையிடம் 'இது தொன்மைப் பொருள் அல்ல' என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். எக்ஸ்-ரேயில் ஒரு கறுப்புக் கட்டி தெரிகிறதே, என்ன அது? எடுத்துக் காட்டினேன். அந்த இளைஞன் வளையத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "என் பாட்டி கதவு சாத்தாமல் இருக்க இதைத்தான் வைப்பாள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அனுப்பினான்.

ஊருக்கு வந்ததும், எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரின் ஆய்வுக்கூடத்துக்கு அதை எடுத்துப்போய்த் துருவைத் துடைத்து நிறுத்துப் பார்த்தேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு கிராம். தேய்மானம்; ஒரு கிலோவுக்கு நாலு கிராம் குறை, சட்டம் அனுமதிக்கும் பிழையைத் தாண்டிவிட்டது. உத்தியோகத்தில் இருந்திருந்தால் முத்திரை மறுத்திருப்பேன். இப்போது அது பூஜை அறைக்கு வெளியே, கதவு சாத்தாமல் இருக்கப் பயன்படுகிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். காபி தயாராகிவிட்டது என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார்.